நின்றிருக்கும் காரின் பேட்டரி

கோயம்புத்தூரில் பேட்டரித் தொழில் செய்து ஜீவிக்கிற என்னிடம் வருகிற வண்டிகளை ஓடுகிற வண்டி, நிற்கிற வண்டி என்று இரண்டே இனமாகப் பிரித்துவிடலாம். இரவென்றும் பகலென்றும் பாராமல் ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்குமாக ஓடுகிற வாடகைக் காரின் பேட்டரி, தூசியும் வெயிலும் குலுக்கலும் பட்டு, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செல்ஃப் மோட்டாரைச் சுழற்றி, மூன்று நான்கு வருஷம் உழைத்த பிறகே என் கடைக்கு வந்து சேர்கிறது. உறை போர்த்தி நிழலில் நிறுத்தி, வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவிநாசி சாலையிலோ செட்டிபாளையத்துப் பந்தயத் தளத்திலோ ஓட்டப்படுகிற ஸ்போர்ட்ஸ் காரின் பேட்டரியோ, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியதாயினும், இரண்டாவது வருஷம் நிறைவதற்குள் “செல்ஃப் எடுக்கவில்லை” என்ற முறையீட்டோடு வந்துவிடுகிறது. வேலை செய்தால் தேயும், ஓய்ந்திருந்தால் நிலைக்கும் என்று மற்றப் பொருள்களுக்கு நாம் வகுத்திருக்கும் நியாயம் இதற்குப் பொருந்துவதில்லை. பேட்டரி வேலையால் சாவதைக் காட்டிலும், குறைச் சார்ஜோடு சும்மா கிடப்பதாலேயே அதிகம் சாகிறது. இந்த ஓர் உண்மையைச் சொந்தக்காரர்கள் மனத்தில் வாங்கிக்கொண்டால், எந்தப் பேட்டரியை வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தானாகவே கிடைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

நான் தொழில் கற்ற காலத்தில் பேட்டரி, இப்போதுபோல் திறக்கவே முடியாத பெட்டியாக வருவதில்லை. கறுப்பு எபனைட் பெட்டிக்குள் ஆறு அறைகள், அறைக்கு ஒரு செல், மேலே தார் ஊற்றி அடைத்த மூடி. ஒரு செல் கெட்டுப்போனால் தாரை உருக்கி வழித்துவிட்டு, அந்தச் செல்லின் பிளேட்டுக் கட்டை மாத்திரம் வெளியே இழுத்து, புதுப் பிளேட்டும் செபரேட்டரும் வைத்து மறுபடி மூடுவது எங்கள் அன்றாடக் காரியம். எனக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, வெளியே எடுத்த பிளேட்டை உடனே பழைய ஈயக் குவியலில் போட விடமாட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வார். ஆரோக்கியமான பாசிட்டிவ் பிளேட் கரும்பழுப்பாக இருக்கும். நெகட்டிவ் பிளேட் சாம்பல் நிறத்தில் மிருதுவாக இருக்கும். நகத்தால் கீறினால் கீறிய இடத்தில் ஈயத்தின் பளபளப்புத் தெரியும். மாதக்கணக்கில் சார்ஜ் இறங்கிக் கிடந்த பேட்டரியின் பிளேட்டிலோ வெளிறிய படலம் ஒன்று பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் நெறுநெறுக்கும், நகம் இறங்காது. “பாத்துக்க தம்பி, இது ஓடிச் செத்ததில்லை, நின்னு செத்தது” என்பார். பிளேட்டைக் கண்ணால் பார்க்கிற அந்த வாய்ப்பு இன்றைய மெக்கானிக்குகளுக்கு இல்லை. ஆயினும் உள்ளே நடக்கிற காரியம் எள்ளளவும் மாறிவிடவில்லை.

காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி இந்தச் சாதனத்தை உண்டாக்கியது 1859-ம் வருஷத்தில். இன்று பெருவிலைக் கார்களில் இருப்பதும் அடிப்படையில் அதே ரசாயனம்தான். நிறைந்த நிலையில் ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் காட்டும். ஆறு செல்லும் சேர்ந்து 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரு வகைப் பிளேட்டுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது; அமிலம் தன் வீரியத்தை இழந்து தண்ணீராகிக்கொண்டே போகிறது. சார்ஜ் போடும்போது அந்தப் படிவு கரைந்து, ஈயம் ஈயமாகவும் அமிலம் அமிலமாகவும் மீள்கிறது. ஆனால் இந்த மீட்சிக்கு ஒரு காலவரம்பு உண்டு. அசையாமல் வைத்த பாகில் கற்கண்டு விளைவதைப் போல, நுண்துகளாக இருந்த சல்பேட், வாரங்கள் கடக்கக் கடக்க ஒன்றோடொன்று சேர்ந்து பெரும் படிகங்களாக இறுகிவிடுகிறது. அப்படி இறுகியது பிறகு எத்தனை நேரம் சார்ஜ் போட்டாலும் முழுவதும் கரைவதில்லை. எந்த அளவுக்குப் பிளேட் அவ்விதம் மூடப்பட்டதோ அந்த அளவுக்குப் பேட்டரி நிரந்தரமாகச் சிறுத்துப்போகிறது. தொழிலில் “சல்பேட் ஆகிவிட்டது” என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

கார் நிற்கும்போது சார்ஜ் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் பலர். எதையும் இணைக்காமல் அலமாரியில் வைத்த பேட்டரியும் தனக்குள்ளேயே சிறிது சிறிதாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால், ஐரோப்பாவின் குளிர்ந்த கொட்டகைக்கு எழுதப்பட்ட கணக்கு எங்கள் ஊர்ச் சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகைக்கு ஒத்துவராது. இதனினும் பெரிய இழப்பு, காரே எடுத்துக்கொள்வது. சாவியை எடுத்த பிறகும் திருட்டு அலாரம், கதவுப் பூட்டின் ரிசீவர், கடிகாரம், என்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு ஆகியவை விழித்தே இருக்கின்றன. குறையில்லாத புதுக் காரிலேயே இவை சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சகஜம். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி; 30 நாளில் 29 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒரே மாதத்தில் பாதி காலியாகிவிடுகிறது. அதாவது யாரும் தொடாமலே, கற்கண்டு விளைகிற அந்த நிலையில் அது போய் அமர்ந்துவிடுகிறது.

இதைத் தடுப்பதற்கென்று பெரும்பாலான வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்யப்படுகிற அந்த வழக்கமே பேட்டரிக்கும் என்ஜினுக்கும் கேடாக முடிகிறது என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “வாரம் தவறாமப் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணித்தானுங்க வெக்கறேன், அப்புறம் எப்படிங்க இறங்கிப் போகுது?” என்று டிரைவர்கள் மெய்யான வருத்தத்தோடு கேட்பார்கள். அவர்களுக்கு நான் காகிதத்தில் எழுதிக் காட்டுகிற கணக்கு இது. 40 மில்லி ஆம்பியர் வீதம் ஒரு வாரத்துக் கசிவு 6.7 ஆம்பியர்-மணி. என்ஜினைக் கிளப்பும்போது செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று விநாடியே இழுக்கிறபடியால் அந்தச் செலவு 0.2 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. அது ஒரு பொருட்டன்று. ஐடிலில் நிற்கிற என்ஜினின் ஆல்டர்னேட்டர், ஃபேனுக்கும் எரிபொருள் பம்புக்கும் கொடுத்தது போகப் பேட்டரிக்கு 15 ஆம்பியர் தருகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 10 நிமிஷத்தில் உள்ளே போவது 2.5 ஆம்பியர்-மணிதான். ஆகவே வாரந்தோறும் 4 ஆம்பியர்-மணிக்கு மேல் பற்றாக்குறை விழுகிறது. எட்டு வாரத்தில் பேட்டரி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இதற்கிடையே, முழுச் சூடு ஏறாத என்ஜினில் எரிபொருள் எரிவதில் உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கித் துருவுக்கு வித்திடுகிறது. ஓட்டுவதானால் ஆயில் நன்றாகச் சூடேறும்படி முக்கால் மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். அதற்கு அவகாசமில்லையானால் சாவியைத் தொடாமலிருப்பதே உத்தமம்.

இனித் தேர்வைப் பற்றி. பேட்டரியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுகிற குளிர்நிலை ஆம்பியர் என்ற எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் 30 விநாடி நேரம் பேட்டரி எவ்வளவு மின்சாரம் தள்ளும் என்பதை அளக்கிற எண் அது. உறைநிலையையே காணாத ஊரில் காரின் கையேடு கேட்கிற அளவுக்கு அது இருந்தால் போதும்; அதற்கு மேல் கொடுக்கிற பணம் வீண். நிற்கிற காருக்கு வேண்டியது வேகமன்று, பொறுமை. ஆகவே ஆம்பியர்-மணியையும், 25 ஆம்பியர் சுமையில் 10.5 வோல்ட்டுக்கு இறங்குமுன் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று சொல்கிற ரிசர்வ் எண்ணையும் பாருங்கள். பெட்டி அடங்குகிற இடத்தில் எவ்வளவு பெரியதைக் கையேடு அனுமதிக்கிறதோ அதை வாங்குங்கள். தயாரித்த மாதத்தையும் கேட்டுப் பாருங்கள். கடை அலமாரியில் ஒரு வருஷம் சார்ஜின்றிக் கிடந்த பேட்டரி, விற்பனைக்கு முன்பே தன் ஆயுளில் ஒரு பங்கை இழந்துவிட்டது. நான் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்தப் பேட்டரியையும் வாங்கி அடுக்குவதில்லை, 12.5 வோல்ட்டுக்குக் குறைந்ததை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

சாதாரண அமிலப் பேட்டரியா, அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பஞ்சில் உறிஞ்சி வைத்த ஏ.ஜி.எம். பேட்டரியா என்று கேட்டால், நிற்கிற ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் பெரும்பாலும் ஏ.ஜி.எம். பக்கமே நிற்பேன். அதன் சுய இறக்கம் குறைவு, அமிலம் சிந்தாது, பந்தயத் தளத்தின் வளைவுகளிலும் குலுக்கலிலும் பிளேட் உதிர்வது குறைவு. மாஸ்தா எம்.எக்ஸ்.-5-ன் முதல் இரண்டு தலைமுறைகள் முதலிய சில கார்களில் எடைச் சமநிலையை உத்தேசித்துப் பேட்டரியைப் பின்புற டிக்கியில் வைத்திருக்கிறார்கள். மூடிய டிக்கிக்குள் இருக்கும் பேட்டரி எதுவானாலும் சார்ஜாகும்போது எழும் ஹைட்ரஜன் வெளியேற ரப்பர்க் குழாய் ஒன்று பொருத்தியிருக்க வேண்டும். குழாய் மாட்டுவதற்குத் துவாரமில்லாத பேட்டரியை அங்கே வைக்கக் கூடாது. பேட்டரி மாற்றுகிறவர்கள் அந்தக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதை எத்தனையோ கார்களில் பார்த்திருக்கிறேன். என்ஜின் சூட்டுக்கு அருகே பேட்டரி இருக்கிற கார்களில் மட்டும், வெப்பத்தில் ஏ.ஜி.எம். சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால், தண்ணீர் ஊற்றக்கூடிய பழைய வகையையே சிபாரிசு செய்கிறேன்.

லித்தியம் பேட்டரியின் லேசான எடையில் ஆசை கொள்கிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். போர்ஷே நிறுவனம் தன் 911 ஜி.டி.3 முதலான கார்களுக்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை 2009-ன் இறுதியில் அறிவித்தது. 6 கிலோவுக்கும் குறைந்த எடை, ஈயப் பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் மிச்சம், கொள்ளளவு 18 ஆம்பியர்-மணி. பந்தயத்துக்கு இது சிலாக்கியமானது. என்ஜினைக் கிளப்புவதில் 60 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரிக்கு அது குறைந்ததன்று. ஆனால் நிற்கும்போது கணக்கு வேறாகிறது: நாளொன்றுக்கு 1 ஆம்பியர்-மணி கசிகிற காரில் 18 ஆம்பியர்-மணி மூன்று வாரம்கூடத் தாங்காது. அந்த நிறுவனமே வழக்கமான பேட்டரி ஒன்றையும் உடன் கொடுத்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். லித்தியம் வைத்திருப்பவர்கள், ஓட்டி முடித்த அன்றே அதைக் காரிலிருந்து பிரித்துவிட வேண்டும், அல்லது அதற்கென்றே செய்த சார்ஜரில் மாட்டிவிட வேண்டும்.

பழைய கார்களுக்கு அவற்றின் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். எம்.ஜி.பி. காரில் 1974 வரையில் இருக்கைகளுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டிருந்தன. 1967-க்கு முந்தியவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைந்தது. 1969 முதல் 1973 வரை வந்த போர்ஷே 911-ல் முன்புறத்தின் இரு மூலைகளிலும் இரண்டு பேட்டரிகள். ஜோடியாக வேலை செய்கிறவற்றில் ஒன்று மட்டும் கெட்டாலும் இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே மாதத் தயாரிப்பாக மாற்றுவதுதான் முறை. நைந்ததும் புதியதும் சேர்ந்தால் நைந்தது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் நேர்கிற சங்கடம் என்ஜின் கிளம்பாததோடு நிற்பதில்லை. மாதக்கணக்கில் நின்ற 997 வகை போர்ஷே 911 ஒன்றுக்காக ரேஸ் கோர்ஸ் பகுதியிலுள்ள ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். அந்தக் காரில் பேட்டரி முன்புற மூடிக்குள் இருக்கிறது. மூடியின் பூட்டோ மின்சாரத்தால் திறப்பது. பேட்டரியைத் தொட மூடி திறக்க வேண்டும், மூடி திறக்கப் பேட்டரி வேண்டும் என்ற நிலை. கதவைச் சாவியால் திறந்தோம். சட்டமில்லாத கண்ணாடி அந்தக் கார்களில் கதவுப் பிடியை இழுத்ததும் தானே சற்று இறங்கி ரப்பரிலிருந்து விடுபடும். மின்சாரமில்லாமையால் இறங்காது நின்ற கண்ணாடியை, ரப்பர் கிழியாதபடி உள்ளங்கையால் அணைத்து மெல்ல வெளியே எடுத்தேன். காலடிப் பக்கத்துச் சுவரிலுள்ள ஃப்யூஸ் பெட்டியில், வெளியே இழுக்கும்படி அமைத்த சிவப்பு டெர்மினல் ஒன்று இருக்கிறது. அதில் வெளிப் பேட்டரி ஒன்றின் பாசிட்டிவ்வைக் கொடுத்து, கதவின் பூட்டு வந்து மாட்டுகிற இரும்புக் கொண்டியில் நெகட்டிவ்வைப் பிடித்ததும் அலாரம் அலறியது, சாவிப் பொத்தானை அழுத்த அது அடங்கியது, மூடியும் திறந்தது. அந்த மெல்லிய கம்பி மூடியைத் திறப்பதற்கு மட்டுமே ஏற்பட்டது. அதன் வழியாக என்ஜினைக் கிளப்ப முயன்றால் ஒயர் கருகிவிடும். “இவ்வளவு விலை போட்ட வண்டிக்கு இந்த நெலமையாங்க?” என்று கேட்ட அந்த வீட்டுப் பெரியவரிடம், சுவர்ப் பிளக்கில் மாட்டுகிற சின்னச் சார்ஜர் ஒன்று இருந்திருந்தால் இவையெல்லாம் நேர்ந்திரா என்று சொன்னேன். அன்றைக்கே வாங்கி மாட்டினார்கள்.

அந்தச் சின்னச் சார்ஜர்தான் என் அனுபவத்தில் முதன்மையான மருந்து. ஆனால் எல்லாச் சார்ஜரும் ஒன்றல்ல. நாள் முழுவதும் ஒரே சீராக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிற பழைய டிரிக்கிள் சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவைத்தால், அது பேட்டரியின் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றடித்து, பாசிட்டிவ் பிளேட்டை அரித்துவிடும். நமக்கு வேண்டியது, 14.4 வோல்ட் அளவில் பேட்டரியை நிரப்பிவிட்டு, நிரம்பியதும் தானாகவே 13.2-க்கும் 13.8-க்கும் இடையில் இறங்கி நின்று, கசிகிற அளவை மாத்திரம் ஈடுசெய்கிற ஜாதி. வெப்பமான இடத்தில் அந்தத் தாங்கு வோல்ட்டும் குறைய வேண்டும்; 25 டிகிரிக்கு விதித்ததிலிருந்து 40 டிகிரிக்குக் கால் வோல்ட் குறைப்பது நியாயம். ஆதலால், வெப்பத்தை உணர்ந்து தானே சரிப்படுத்திக்கொள்கிற சார்ஜர் நம் நாட்டில் கூடுதல் விலைக்குத் தகுதியானது. அமிலப் பேட்டரி, ஏ.ஜி.எம்., லித்தியம் என்று சார்ஜரின் மேல் தனித்தனிப் பொத்தான் இருந்தால் சரியானதை அழுத்துங்கள். சல்பேட்டைக் கரைப்பதாகச் சொல்லி 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிற முறையை லித்தியத்துக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது.

பிளக் வசதியில்லாத ஷெட்டில் காரை நிறுத்துகிறவர்களுக்கு, பேட்டரியைக் காரிலிருந்து பிரித்துவைப்பதே அடுத்த உபாயம். பிரிக்கும்போது பாடியோடு இணைந்த டெர்மினலை, அதாவது இக்காலத்துக் கார்களில் நெகட்டிவ்வை, முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். நெகட்டிவ் இணைந்திருக்கையில் பாசிட்டிவ் நட்டைத் திருகுகிற ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால், பறக்கிற பொறி ஹைட்ரஜனைத் தொடும். விபத்துகள் அவ்விதமே உண்டாகின்றன. ரேடியோவின் ரகசிய எண்ணையும், மூடி திறக்கிற வழியையும் குறித்துக்கொண்டு பிரியுங்கள். பிரித்துவைத்த பேட்டரிக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் வேண்டும்.

தண்ணீர் ஊற்றுகிற வகையாயின் மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பாருங்கள். பிளேட் முங்கியிருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குடிப்பதற்குச் சிறுவாணித் தண்ணீருக்கு இணை எங்கும் இல்லை என்று நாங்கள் பெருமை கொள்வது மெய்தான். ஆயினும் அதிலுள்ள உப்புகள் பேட்டரிக்கு ஆகா. ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லின் கிராவிட்டியையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஐந்து செல் 1.250-க்கு மேல் காட்ட, ஒன்று மட்டும் வெகுவாய்த் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரியின் முடிவு நெருங்கிவிட்டது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பேட்டரியின் மேற்புறத்தையும் ஈரத்துணியால் துடைப்பது அவசியம். அமிலமும் தூசியும் கலந்த அழுக்குப் படலத்தின் வழியாகவும் மின்சாரம் கசிகிறது. சிமெண்டுத் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பலர் பலகை தேடுகிறார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி சுருக்கமானது. புதுப் பேட்டரிக்குப் பணம் எடுத்துவைக்கும்போது முதலில் நல்ல சார்ஜருக்கு ஒதுக்குங்கள்; மிஞ்சியதில் பேட்டரி வாங்குங்கள். காரை நிறுத்தி ஓர் இரவு கழிந்த பின் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: 12.6 காட்டினால் நிம்மதி, 12.4 காட்டினால் அன்றே சார்ஜ் போடுங்கள், 12.2-ல் ஒரு வாரம் விட்டுவைப்பது உங்கள் கைப்பணத்தை நீங்களே அழிப்பதாகும். ஈயப் பேட்டரி நம்மிடம் கேட்பது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒன்றைத்தான். அதைக் கொடுத்தவர்களுடைய கார்களில் ஐந்து வருஷம் கடந்தும் முதல் பேட்டரியே நன்றாக வேலை செய்வதை நான் பார்த்துவருகிறேன்.